நல்லா ஓடுற கணினி, ஆனா பழசாம்

அப்பாவின் மடிக்கணினி 2017இல் வாங்கியது. ஸ்பேஸ் பார் தேய்ந்து பளபளக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. ஆனால் 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் முடிந்துவிட்டது. சரி, அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் புராசசர் பழசாம், ஏற்காதாம்!

விண்டோஸ் 10 வந்தது 2015இல், பத்து வருஷம் தந்தார்கள்தான். ஆனால் அந்தக் கணக்கு அது வெளியான நாளிலிருந்து. நாம் காசு கொடுத்த நாளிலிருந்து இல்லை. எங்களுக்குக் கிடைத்தது எட்டே வருஷம். பழைய விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வந்து 2014 வரை ஓடியதே!

சிங்கப்பூர் தேக்கா பக்கத்துக் கடைக்காரர், “புதுசு வாங்கிடுங்க அண்ணே” என்கிறார். எதற்கு? அப்பா பார்ப்பதே தமிழ் முரசும் யூடியூபும்தான். எச்சரிக்கை வந்தால் மூடிவிட்டுப் படிக்கிறார். தூக்கம் கெடுவது எனக்கு.