நீச்சல் குளத்தையும் பார்த்துப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்தால் என்ன குற்றம்?

ஞாயிற்றுக்கிழமை டர்பனில் நம் தமிழ் மக்களின் பரிசளிப்பு விழாவில் நடந்ததை நான் முழுவதுமாக விவரிக்கத் தேவையில்லை. அரங்கில் இருந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள். வராதவர்களுக்குக் காணொளி வந்து சேர்ந்துவிட்டது. பள்ளி முடித்த நம் பெண் ஒருத்தியிடம், கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தை ஏன் வேண்டாமென்றாய் என்று மேடையில் கேட்டார்கள். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் நீச்சல் பயிற்சி நன்றாக இருக்கிறது, விடுதியும் எனக்குப் பிடித்திருந்தது என்று அந்தப் பெண் மறைக்காமல் சொன்னாள். "தண்ணீரில் விளையாடவா உன் அப்பா கட்டணம் கட்டப்போகிறார்?" என்று ஒலிவாங்கியைப் பிடித்திருந்த பெரியவர் கேட்டார். அரங்கம் சிரித்தது. பெற்றோர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை, எழுதிவிடுகிறேன். ஒரு பிள்ளை, தான் நான்கு ஆண்டு எங்கே, யாரோடு, எப்படி வாழப்போகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்த்துப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது சரியான காரியம். விளையாட்டு அதில் ஒரு காரணம். வெட்கப்பட வேண்டிய காரணம் அன்று.

அவள் எடுத்திருப்பது வேதிப் பொறியியல். கேப் டவுனிலும் நான்கு ஆண்டு, பிரிட்டோரியாவிலும் நான்கு ஆண்டு. தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றம் இரண்டு பட்டங்களையும் ஏற்கிறது. இரண்டுமே எளிதில் இடம் தராத துறைகள். மெட்ரிக் என்ற பள்ளி இறுதித் தேர்வில் கணக்கும் இயற்பியலும் மிக நன்றாக வந்திருந்தால்தான் விண்ணப்பத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் இரண்டு வாசலையும் தன் மதிப்பெண்ணால் திறந்தாள். படிப்பு சமமாக இருக்கும்போது மனிதர்கள் வேறு எதைப் பார்த்து முடிவெடுப்பார்கள்? பெயரைப் பார்க்க வேண்டும் என்கிறீர்களா? யாரிடம் சொல்லிக்கொள்வதற்காக?

பிரிட்டோரியாவில் அவள் பார்த்தது வெறும் குளத்தை அன்று. 2002இல் தொடங்கிய உயர்திறன் விளையாட்டு மையம் அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வளாகத்திலேயே இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மார்பு நீச்சலை 2 நிமிடம் 18.95 வினாடியில் முடித்து உலக சாதனையோடு தங்கம் வென்ற தாட்யானா ஸ்கூன்மேக்கர் அங்கே பயிற்சி பெற்றவர். 2024இல் பாரிஸிலும் 100 மீட்டரில் தங்கம் வாங்கினார். நம் ஊருக்குப் பக்கத்தில் அமன்சிம்டோட்டியில் வளர்ந்த பென்னி ஹேன்ஸ், நீச்சலுக்காகவே அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் வரை போனார். 1996இல் அட்லாண்டாவில் இரண்டு தங்கம் வென்றபோது டர்பனில் இந்தியர் வாழும் இந்தச் சாட்ஸ்வொர்த்தில் நாமும்தான் தொலைக்காட்சி முன் எழுந்து நின்று கைதட்டினோம். தண்ணீரில் விளையாடப் போனாளா என்று அன்றைக்கு நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. நம் வீட்டுப் பெண் போகும்போது மட்டும் அது கேலியாகிவிடுகிறது.

நம் பெரியவர்கள் வாய் ஓயாமல் பேசும் ஐவி லீக் இருக்கிறதே, ஹார்வர்டும் யேலும் பிரின்ஸ்டனும் உள்ள அந்த எட்டுப் பல்கலைக்கழகங்களின் கூட்டு, 1954இல் ஒப்பந்தம் போட்டு அமைந்த விளையாட்டுக் கூட்டமைப்புத்தான். ஸ்டான்ஃபோர்டில் உளவியல் படித்த அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி அந்தப் பல்கலைக்கழக அணிக்கு நீந்தினார். உலகத்தில் மிகக் கடினமாக இடம் தரும் பல்கலைக்கழகங்களே குளத்தையும் திடலையும் படிப்புக்குப் பகையாக நினைக்கவில்லை.

இதை நான் வெளியே நின்று பேசவில்லை. என் சித்தப்பா படித்த காலத்தில் இந்திய மாணவர்களுக்கென்று 1961இல் நிறவெறி அரசு திறந்த கல்லூரி டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன கட்டடங்களில் இருந்தது. படகேறிப் போய்ப் படித்துவிட்டு, படகேறித் திரும்பி வருவார். பின்னர் அது வெஸ்ட்வில் குன்றுக்கு மாறியது; நான் அங்கே படித்தேன். எனக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இருக்கவில்லை. வெள்ளையர் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமானால் அமைச்சரின் அனுமதி வேண்டும். எங்கள் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் இல்லாத படிப்பு என்று காரணம் காட்ட வேண்டும். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் பக்கம் பல்கலைக்கழகம் இருப்பதை நாங்கள் நினைத்தே பார்த்ததில்லை. 1980களின் நடுப்பகுதி வரை இந்தியர் அங்கே குடியிருக்கவே சட்டம் இடம் தரவில்லை. எனக்குக் கிடைத்த வளாக வாழ்க்கை என்பது வகுப்புப் புறக்கணிப்பும், காவல்துறை வண்டிகளும், கண்ணீர்ப்புகையில் எரிந்த கண்ணை ஈரக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு பேருந்துக்கு ஓடியதும்தான். கடல் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம். 1989 வரை டர்பன் கடற்கரையின் நல்ல பகுதிகளில் வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை நின்றது. எனக்கு இன்றுவரை நீந்தத் தெரியாது. என் வயதுப் பெண்கள் எத்தனை பேருக்குத் தெரியும் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

'நாங்கள் இதெல்லாம் இல்லாமல்தான் முன்னுக்கு வந்தோம்' என்று அந்தக் காணொளிப் பதிவின்கீழ் பலர் எழுதியிருக்கிறீர்கள். நாம் அதை வேண்டாமென்று விடவில்லை. நம்மிடமிருந்து பறித்தார்கள். பறித்ததை நாமே இன்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, அடுத்த தலைமுறைக்கும் அதையே அளவுகோலாக வைக்கலாமா?

மேடையில் பேசிய ஐயாவும் இளமையில் கரீஸ் ஃபவுண்டன் விளையாட்டுத் திடலில் பந்து ஆடியவர் என்பது எல்லாருக்கும் தெரியும். 1973இல் இதே டர்பனில் அமைந்த தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றம், இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்று அறிவித்தபோது, எத்தனையோ நம் இளைஞர்கள் தங்கள் நல்ல வயதையும் நாட்டுக்கு ஆடும் ஆசையையும் கொள்கைக்காக விட்டுக்கொடுத்தார்கள். 1963இல் நேட்டால் ஓபன் கோல்ஃப் பட்டத்தை வென்ற பப்வா செவ்கோலத்தை, இந்தியர் என்பதற்காக, கோல்ஃப் மன்றக் கட்டடத்துக்குள் விடாமல், மழையில் வெளியே நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்களே, அது இன்றும் நமக்கு வலிக்கிறது. விளையாட்டு அற்பமென்றால் அந்த வலி எதற்கு? அந்தத் தியாகம் எதற்கு? நம் பெரியவர்கள் விளையாட்டைப் பெரிதாக நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பணத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்கு மேல் போனால் அரசின் இலவச மாணவர் நிதியுதவி பொதுவாகக் கிடையாது. அதற்குச் சற்று மேலே சம்பாதிக்கும் ஓட்டுநர், செவிலியர், ஆசிரியர் வீடுகள் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கின்றன. அந்தக் குடும்பமும் அப்படித்தான். ஆனால் கேப் டவுன் போனாலும் விடுதிக் கட்டணம் உண்டு, விமானக் கட்டணமும் சேரும். பிரிட்டோரியாவுக்கு இரவுப் பேருந்தில் போய்விடலாம். மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் உதவித்தொகையோடு விளையாட்டுக்கான உதவித்தொகைக்கும் அவளால் விண்ணப்பிக்க முடியும். அந்தக் கணக்கை அவள் அப்பா போட்டுப் பார்த்திருக்க மாட்டார் என்று எந்த உரிமையில் நினைத்தீர்கள்?

படிப்பு கெடும் என்கிறார்கள். அவர்கள் அந்தப் பெண்ணை ஒருநாளாவது பார்த்திருக்க வேண்டும். விடியற்காலை நாலரைக்கு அப்பாவின் பாக்கி என்னும் சிறு சரக்கு வண்டியில் ஏறுவாள். பயிற்சி முடிந்து திரும்பும்போது வண்டியின் கூரை விளக்கில் பழைய வினாத்தாளை மடியில் விரித்துக் கணக்குப் போடுவாள். அவளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்த எனக்குத் தெரியும், அந்தத் தாள்கள் ஈரக் கூந்தலிலிருந்து சொட்டி ஓரமெல்லாம் அலையலையாகச் சுருண்டு, குளோரின் வாடையோடு என் மேசைக்கு வரும். ஏழு பாடத்திலும் எண்பதுக்கு மேல் வாங்கியவள் அவள். நீச்சலை விட்டிருந்தால் இன்னும் வாங்கியிருப்பாள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

விடுதி வாழ்க்கை ஆபத்தானது என்பதை நான் மறுக்கவில்லை. 2022இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக விடுதியில் ஒரு கறுப்பின மாணவரின் பொருள்கள்மீது வெள்ளை மாணவர் சிறுநீர் கழித்ததை நாடே பார்த்தது. 2016இல் ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் புளூம்ஃபொன்டைன் வளாகத்தில் ரக்பி ஆட்டத்தின்போது திடலில் இறங்கிப் போராடியவர்களைப் பார்வையாளர்கள் இறங்கி அடித்ததையும் பார்த்தோம். அதனால்தான் சொல்கிறேன், வளாக வாழ்க்கையைப் பார்க்காமல் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். யார் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், எந்த மொழியில் கூப்பிடுகிறார்கள், அணியில் யாருக்கு இடம், முதலாண்டு மாணவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதெல்லாம் தகவல் கையேட்டில் இருக்காது. இந்தப் பெண் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க விடும் திறந்தநாளில் போய், விடுதிச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, அங்குள்ள மாணவிகளிடம் கேட்டுவிட்டு வந்தாள். "ஆண்ட்டி, அங்கே என் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்" என்று என்னிடம் சொன்னாள். பதினெட்டு வயதில் இவ்வளவு பொறுப்பாக விசாரித்தவளை மேடையில் வைத்துச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பில் இன்னொன்று இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இதே மேடையில் சில ஆண்டுகளுக்குமுன், கிரிக்கெட்டுக்காகப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்த ஒரு பையனுக்கு மாலை போட்டோம். செனுரன் முத்துசாமி நாட்டுக்காக ஆடும்போது நம்ம டர்பன் பிள்ளை என்று கொண்டாடுகிறோம், கொண்டாடவும் வேண்டும். பெண் நீச்சலுடை போட்டால்தான் நமக்குப் படிப்பின்மேல் திடீரென்று கவலை வருகிறது. அவள் தோளைப் பற்றியும் உடையைப் பற்றியும் வாட்ஸாப் குழுக்களில் வந்த குரல்பதிவுகளைக் கேட்டேன். அவள் அம்மாவும் கேட்டிருக்கிறாள். கோவில் வேலைக்கு முதலில் வந்து கடைசியில் போகிற அந்த அம்மா இந்த வாரம் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரவில்லை.

ஐயா, உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. எனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பள்ளியைக் கட்டியவர்களில் நீங்களும் ஒருவர். அதனால்தான் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். ஆனால் கேலி ஒலிவாங்கியில் நடந்தது. வருத்தத்தைத் தொலைபேசியில் தனியாகச் சொல்லி முடித்துவிட முடியாது. பிப்ரவரியில் அவள் பிரிட்டோரியா போய்விடுவாள், பெற்றோர் இங்கேதான் இருப்பார்கள். சித்திரைப் புத்தாண்டு விழாவில் அதே மேடையில் அவர்களைக் கூப்பிட்டு, எல்லார் முன்னிலும் உங்கள் வருத்தத்தைச் சொல்லுங்கள். நிர்வாகக் குழுவுக்கு இதையே கடிதமாக எழுதி அனுப்பிவிட்டேன்; என்னோடு கையெழுத்திட விரும்புகிறவர்கள் இங்கே பெயரை மட்டும் எழுதினால் போதும்.