விடுதலையான வழக்கும் விடை கிடைக்காத கேள்வியும்

கடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு முந்திய வாரம், திருகோணமலையில் எங்கள் ஒழுங்கை முனையிலுள்ள வாசிகசாலையில் ஒரு வேட்பாளருக்காகச் சிறு கூட்டம் நடந்தது. போர்க்காலத்தில் ஆயுதக் குழுவொன்றில் பொறுப்பு வகித்து, பின்னர் அரசியலுக்கு வந்த ஒருவர் அவருக்கு ஆதரவு கேட்டுப் பேசினார். பேச்சு முடிந்ததும் பின்னால் நின்ற ஓர் இளைஞர், "ஐயா, இந்த ஊரில் ஆட்களைக் கடத்திக்கொண்டுபோன காலத்தில் நீங்கள் என்ன பொறுப்பில் இருந்தீர்கள்?" என்று மரியாதையாகவே கேட்டார். பேச்சாளர் வாய் திறப்பதற்கு முன்னரே ஏற்பாட்டாளர் ஒருவர், "பழசைக் கிளறாதையும் தம்பி, இப்ப றோட்டைப் பற்றிக் கதைப்பம்" என்றார். பலர் சிரித்தார்கள். என் பக்கத்துக் கதிரையில் இருந்த மாமி சிரிக்கவில்லை. அவருடைய மூத்த மகன் 2007ஆம் ஆண்டு வேலைக்குப் போன வழியில் காணாமற்போனவர். கொண்டுபோனவர்கள் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்தப் பேச்சாளரைக் குற்றஞ்சாட்ட எங்களிடம் எந்தச் சான்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் வரும் என்று மாமி ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

கறைபடிந்த கடந்த காலம் உள்ள ஒருவர் பதவிக்குத் தகுதியானவரா என்று கேட்டால், "நீதிமன்றம் தண்டித்ததா இல்லையா என்று பாருங்கள்" என்பதே பெரும்பாலானோர் தரும் விடை. நம்முடைய இலங்கை அரசியலமைப்பும் அந்த வழியில்தான் கோடு கிழித்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றமொன்றுக்காக ஆறு மாதங்களுக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றவர், அதை அனுபவித்து முடித்து ஏழு ஆண்டுகள் கழியும்வரை பாராளுமன்றம் செல்ல முடியாது. மரண தண்டனைத் தீர்ப்புக்கு உள்ளானவருக்கும் அதே தடை உண்டு. அப்படியிருந்தும், 2020 ஜூலை இறுதியில் இரத்தினபுரி மேல் நீதிமன்றத்தினால் கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்ட பிரேமலால் ஜயசேகர, சில நாட்களில் நடந்த தேர்தலில் வெற்றிபெற்று, மேன்முறையீடு நிலுவையில் இருக்கையிலேயே செப்டெம்பரில் பாராளுமன்ற உறுப்பினராகச் சத்தியப்பிரமாணம் செய்தார். 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. எழுத்தில் தெளிவாகத் தெரியும் கோடே நடைமுறையில் இவ்வளவு மங்கலாகிவிடுகிறது.

திருகோணமலைக்காரர்களாகிய நமக்கு இந்த அளவுகோல் இன்னும் மோசமாகப் பழுதடைந்திருக்கிறது. அதுவும் இரு திசைகளிலும். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை காந்தி சிலைக்கு அருகில், கடற்கரையோரத்தில், ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முக்கிய சாட்சிகள் உயிருக்கு அஞ்சி நாட்டைவிட்டுப் போய்விட்ட நிலையில், சந்தேக நபர்கள் 13 பேரையும் 2019 ஜூலையில் நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. அந்த விடுவிப்பின் பொருள் அவர்கள் நிரபராதிகள் என்பதா, சாட்சி சொல்ல ஆள் மிஞ்சவில்லை என்பதா? மறுபுறத்தில், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சான்றாக ஏற்கிறது. தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட தாளில் கையொப்பமிட்டுச் சிறையில் ஆண்டுகளைத் தொலைத்த தமிழ் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படியொருவர் நாளை பிரதேச சபைக்குப் போட்டியிட்டால், "இவர் சிறை சென்றவர்" என்று அவரைத் தள்ளிவைக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

ஆகவே தண்டனை பெற்றவர் எல்லோரும் தகுதியற்றவர் என்றோ, விடுதலையானவர் எல்லோரும் தகுதியானவர் என்றோ இங்கே சொல்லிவிட முடியாது. நான் பார்க்கும் அளவு வேறு: அந்த மனிதர் தன் கடந்த காலம் பற்றிய கேள்விக்கு மக்கள் முன்னால் நின்று பதில் சொல்கிறாரா? பதவி அவருக்குக் கிடைத்தால், அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேலும், அந்த வழக்குகளின் கோவைகள் மேலும் அவருக்கு அதிகாரம் வருமா?

இரண்டாவது கேள்வியைப் பற்றி நாம் பேசுவதேயில்லை. 2008 மே மாதத்தில் கிழக்கு மாகாண சபையின் முதலாவது முதலமைச்சராக, ஆயுதக் குழுவொன்றிலிருந்து வந்த சிவநேசதுரை சந்திரகாந்தன் பதவியேற்றார். மாகாண சபை இயங்கியது நம் ஊரில்தான். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் ஆராதனையின்போது மட்டக்களப்புத் தேவாலயத்தில் கொல்லப்பட்ட வழக்கில் 2015இல் சந்திரகாந்தன் கைதானார். விளக்கமறியலில் இருந்தபடியே 2020 தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டத்தின் அதிகூடிய விருப்பு வாக்குகளைப் பெற்றார். வழக்கைத் தொடரப்போவதில்லை எனச் சட்டமா அதிபர் தரப்பு அறிவித்ததால் 2021 ஜனவரியில் விடுதலையானார். 2025 ஏப்ரலில் வேறொரு கடத்தல் தொடர்பில் மீண்டும் கைதானார். அவர் குற்றவாளி என்று நான் எழுதவில்லை. அதைச் சொல்லவேண்டியது நீதிமன்றம். என் ஆதங்கம் வேறு. வழக்கு கடைசிவரை விசாரிக்கப்பட்டிருந்தால், அவர் நிரபராதியாயின் அவருக்கே அது பெரிய நியாயமாக இருந்திருக்கும். கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கும், அவரை நம்பி வாக்களித்த பல்லாயிரம் பேருக்கும் ஒரு முடிவு தெரிந்திருக்கும். இப்போது எவருக்கும் எதுவும் தெரியாது.

இதில் நம் எல்லோருக்கும் பங்குண்டு. இந்த மாவட்டத்தில் மூன்று சமூகங்கள் வாழ்கிறோம். மற்றச் சமூகத்து அரசியல்வாதியின் பழைய கதைகளை விரல்விட்டு எண்ணிச் சொல்லும் நாம், நம்முடைய ஆள் என்றவுடன் "அந்தக் காலம் அப்படி" என்று முடித்துவிடுகிறோம். தமிழ் இயக்கங்கள் தமிழரையே கொன்றதைப் பற்றியும், முஸ்லிம் மக்களுக்குச் செய்ததைப் பற்றியும் நாம் வாய் திறக்காதவரை, படையினரைப் பாதுகாக்கும் தென்னிலங்கைத் தலைவர்களை நோக்கி நீட்டும் நம் விரலுக்கு வலு இல்லை. இதை எழுதுவதற்காக என்னைத் துரோகி என்பவர்கள் இருப்பார்கள். அந்தச் சொல்லால் எத்தனை உயிர்கள் போயின என்பதை அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மனிதர் மாறமாட்டார் என்று நான் நினைக்கவில்லை. பத்தொன்பது வயதில் துவக்குத் தூக்கியவர் ஐம்பது வயதில் நல்ல நிர்வாகியாக இருக்கலாம். ஆனால் மாறியவருக்குத் தான் எதிலிருந்து மாறினேன் என்பதைச் சொல்ல முடியும். "இதைச் செய்தோம், இது பிழை, எனக்குத் தெரிந்தது இவ்வளவு" என்று சொல்லும் ஒருவருக்கு, என் வீட்டில் நடந்ததையும் மனதில் வைத்துக்கொண்டே, நான் வாக்களிப்பேன். வீதி போட்டுத் தருவதும் வேலை எடுத்துத் தருவதும் அந்த வார்த்தைக்கு ஈடாகா.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்கான தேர்தல் அறிவிக்கப்படும்போது இதே ஒழுங்கைக்கு மறுபடியும் வேட்பாளர்கள் வருவார்கள். இனி அங்கே நடக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் அரை மணிநேரம் கேள்விக்கு ஒதுக்கவேண்டும் என்றும், அந்த நேரத்தை ஏற்பாட்டாளர் அல்லாமல் வாசிகசாலையே நடத்தவேண்டும் என்றும் நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். முதல் கேள்வியை மாமி கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். நேரில் பேசும்போது குரல் உடைந்துவிடும் என்பதால் என்னை எழுதித் தரச் சொன்னார், அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "உங்களுடைய முகாம் எங்கே இருந்தது? அங்கே கொண்டுவரப்பட்டவர்களின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்?"