முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போதுமா?

"கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு: சொல்லின் முதல், கடைசி எழுத்துகள் சரியாக இருந்தால் போதும், நடுவில் எப்படி இருந்தாலும் மூளை படித்துவிடும். பிள்ளைகளை எழுத்துப்பிழைக்காக வாட்டாதீர்கள்" என்ற செய்தி மறுபடி சுற்றுகிறது. இது தவறு.

2003-இல் ஆங்கிலத்தில் பரவிய மின்னஞ்சல்தான் இதன் மூலம். தமக்குத் தெரிந்தவரை அப்படி ஓர் ஆய்வு கேம்பிரிட்ஜில் நடக்கவில்லை என்று அங்கே மொழி ஆய்வு செய்யும் மேட் டேவிஸ் அப்போதே விளக்கினார். 2006-இல் வாசிப்பு ஆய்வாளர் கீத் ரேய்னரின் குழு கல்லூரி மாணவர்களிடம் சோதித்தபோது, நடு எழுத்துகள் இடம் மாறியதற்கே வாசிப்பு வேகம் சுமார் 11 சதவீதம் குறைந்தது. முதல் எழுத்துகள் மாறினால் 36 சதவீதம்!

அதுவும் தேர்ந்த வாசகர்களுக்கு. அவர்களுக்குச் சொல் ஏற்கெனவே மனதில் பதிந்திருக்கிறது. இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு அப்படி இல்லை. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் சொல்லைப் பிடிக்கிறது. பலம், பழம், படம், பணம் என்று எழுதிக் காட்டுங்கள். முதலும் கடைசியும் ஒன்றே, பொருள் முழுக்க நடு எழுத்தில்தான் இருக்கிறது.

பிழைக்காகத் திட்ட வேண்டாம், அது சரி. ஆனால் 'பலம்' என்று எழுதிய பிள்ளையிடம் "பழம்" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, 'ழ'வில் நாக்கு எப்படி வளைகிறது என்று கவனிக்க வையுங்கள். அப்புறம் அதுவே திருத்தி எழுதட்டும்.