17 விளக்குகளும் ஒரு விறகடுப்பும்

போன வாரம் அனிமேஷன் படிக்கும் தங்கை ஒருத்தி தான் செய்த காட்சியைக் காட்டினாள். ராத்திரி நேரச் சமையலறை. விறகடுப்பு எரிகிறது. பாட்டி குனிந்து ஊதுகுழலால் ஊதுகிறார். புடவை மடிப்பு, சுவரில் படிந்த கரி என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள். ஆனால் அது ராத்திரியாகவே தெரியவில்லை. ஃபைலைத் திறந்து, காட்சிக்குள் அவள் கணினியில் வைத்திருந்த விளக்குகளை எண்ணினேன். 17 விளக்குகள்!

"எல்லாத்தையும் அணைச்சிட்டு ஒண்ணொண்ணா போடும்மா" என்றேன். முதலில் அடுப்பு வெளிச்சம் மட்டும்.

"அண்ணா, பாட்டி முகத்துல பாதி தெரியலையே."

"தெரியுற பாதியைப் பாரு."

பக்கவாட்டில் விழுந்த அந்த வெளிச்சத்தில் கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. அத்தனை நாள் உட்கார்ந்து அவள் செதுக்கிய சுருக்கங்கள். அவளே போட்ட மற்ற 16 விளக்குகள்தான் அவற்றை அழித்துக்கொண்டிருந்தன.

ஷூட்டிங்கில் வெளிச்சம் சொன்ன பேச்சைக் கேட்காது. எங்கெங்கோ சிதறும். லைட்மேன்கள் கட்டர் எனப்படும் மறைப்புப் பலகை வைத்து, கறுப்புத் துணி கட்டி அதைத் தடுப்பார்கள். கணினியில் தொடக்கமே முழு இருட்டு. நாம் வைத்தால்தான் வெளிச்சம். அதற்கு நிழலே வேண்டாம் என்று சொல்லலாம். ஒரு பாத்திரத்தின் மேல் மட்டும் விழச் சொல்லலாம். இந்தச் சுதந்திரம்தான் கெட்ட பழக்கமாகிறது. முகம் தெரியவில்லையா, இன்னொரு விளக்கு. சுவர் இருட்டா, அதற்கும் ஒன்று. இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. 1956-ல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் வரும் காசி வீட்டு முற்றம், கல்கத்தா ஸ்டுடியோவில் போட்ட செட். முற்றம் என்றால் வானத்து வெளிச்சம் மேலிருந்து பரவலாக இறங்க வேண்டும். அழுத்தமான நிழல் விழக் கூடாது. அவர் செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டு இறங்கிய ஒளி வானமாகிவிட்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது சிலிர்க்கிறது. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்த ஒருவருக்குத்தான் இது தோன்றும்.

இப்படிப் பட்டுத் திரும்பும் ஒளியை அனிமேஷனில் வெகுகாலம் கையாலேயே போலி செய்தார்கள், சின்னச் சின்ன விளக்குகளை அங்கங்கே ஒளித்து வைத்து. 2013-ல் 'மான்ஸ்டர்ஸ் யூனிவர்சிட்டி' படத்தில் பிக்ஸார் அனிமேஷன் நிறுவனம் அந்தக் கணக்கைக் கணினியிடமே விட்டது. இன்று இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளிலேயே அது நடக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் 17 விளக்கு வைக்கிறார்கள். ஒளி எப்படித் திரும்பும் என்பதை மென்பொருள் கணக்குப் போடும். பாட்டியின் முகத்தில் எதைக் காட்டுவது என்பதை அது சொல்லாது.

விளக்கைக் கூட்டுவதற்கு முன் அதை நகர்த்திப் பாருங்கள். தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். அதனால் விளக்கை முகத்துக்கு மிக அருகில் கொண்டுவந்து வெளிச்சத்தைக் குறைத்தால், பின்சுவர் தானாக இருட்டுக்குள் போகும். அடுத்து விளக்கின் பரப்பு. சின்னப் பல்பு கத்தி போல நிழல் வெட்டும். அகலமான ஜன்னல் நிழலின் ஓரத்தைக் கரைக்கும். மேகம் மூடிய நாளில் தெருவில் நம் நிழலைத் தேடிப் பாருங்கள், புரிந்துவிடும்.

"ஆடியன்ஸுக்கு முகம் தெரியணும் சார்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். 1972-ல் 'தி காட்ஃபாதர்' படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் உச்சியிலிருந்து ஒளி இறக்கி மார்லன் பிராண்டோவின் கண்களையே இருட்டில் விட்டார். நம் ஊரில் பி.சி.ஸ்ரீராம் 'நாயகன்' படத்தில் இருட்டுக்குப் பயப்படவில்லை. அந்த ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் வந்தது. முகம் தெரியவில்லை என்று யாரும் எழுந்து போகவில்லையே.

அன்று சாயங்காலத்துக்குள் 17 மூன்றானது. அடுப்பு ஒன்று. ஜன்னல் வழியே மங்கலான நிலவு ஒன்று. மூன்றாவதை நான் வேண்டாம் என்றேன், அவள் விடவில்லை. "அடுப்பைப் பாக்குற கண்ணுண்ணா, அதுல நெருப்பு தெரியணும்ல?" என்று கருவிழியில் மட்டும் ஒரு சிவந்த புள்ளி வைத்தாள்.

அதை அணைத்துப் பார்த்தோம். பாட்டி பொம்மையாகிவிட்டார். மறுபடி போடச் சொன்னேன்.