சூரியன் பருத்துவிட்டது

சித்தி: வந்துவிட்டது! வாணி, இங்கே ஓடி வா. மறுபடியும் சூரியன். நான்காவது நாள்!

வாணி: அதன்மேல் எத்தனை கல் ஒட்டியிருக்கிறீர்கள், சித்தி?

சித்தி: கல்லைப் பற்றி யார் பேசினார்கள்? குறி பார்க்கிற டாரட் சீட்டுக் கட்டில் 78 கார்டு இருந்தும், நாலு நாளும் ஒரே கார்டு என்னைக் கூப்பிடுகிறது என்கிறேன்.

வாணி: எத்தனை கல்?

சித்தி: சூரியனின் முகத்தைச் சுற்றிப் பதினாறு. சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கிற சூரியகாந்தி நான்குக்கும் ஒவ்வொன்று. குழந்தை ஏறி வருகிற வெள்ளைக் குதிரைக்குக் கழுத்து மொட்டையாக இருந்தது, அதற்கு ஒன்று.

வாணி: 21 கல். கார்டு உங்களைக் கூப்பிடவில்லை, சித்தி. பருத்திருக்கிறது.

சித்தி: இது என்ன பேச்சு?

வாணி: கட்டைக் கவிழ்த்து வைத்து வெட்டுகிறீர்கள். விரல் எங்கே போய் நிற்கும்? இடைவெளி இருக்கிற இடத்தில். 77 அட்டை ஒல்லியாக இருந்து ஒன்று மட்டும் தலையணை கட்டினது மாதிரி உப்பிக்கொண்டிருந்தால், கட்டு அங்கேதான் பிளக்கும். மேல்பாதியைத் தூக்கினால் அடியில் சூரியன் சிரிப்பான். பைண்டிங்குக்கு வருகிற பழைய ஆல்பமும் இப்படித்தான். போட்டோ ஒட்டின பக்கம் தானாகத் திறந்துகொள்ளும். அதற்கெல்லாம் நான் சூடம் காட்டுவதில்லை.

(சித்தி டாரட் கற்க ஆரம்பித்து ஆறு மாதம். வாணி பைண்டிங் வேலையில் ஒன்பது வருடம். காகிதத்தைப் பற்றி இருவரில் யார் பேசலாம் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஆனால் குறுக்கே போகவில்லை.)

சித்தி: சரி, இந்த நட்சத்திரம்? 17ஆம் கார்டு. நேற்றுவரை நேராக இருந்தது. இன்று கையில் எடுக்கிறேன், இதோ பார், குனிகிறது. வணக்கம் வைக்கிறது.

வாணி: முகப்பில் என்ன தடவினீர்கள்?

சித்தி: வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதன்மேல் ஜிகினாத்தூள்.

வாணி: பின்பக்கம்?

சித்தி: பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

வாணி: தண்ணீர் பட்ட பக்கம் காகிதம் ஊறி நீளும். அப்புறம் பசை காயக் காயச் சுருங்கி, அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். அது வணக்கம் இல்லை, இழுப்பு. பசையைத் தண்ணீர் விடாமல் மெல்லிசாகத் தடவி, பின்பக்கமும் ஒரு பூச்சு கொடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு கனமான பலகைக்கு அடியில் ஓர் இரவு வைத்திருந்தால் நிமிர்ந்தே இருந்திருக்கும்.

சித்தி: நிமிர்ந்து நின்றால் அகம்பாவம் என்று அர்த்தம்.

வாணி: அட்டைக்கா?

சித்தி: சரி, இதற்குப் பதில் சொல்லு. காதலரும் சாத்தானும் சேர்ந்தே வருகிறார்கள். ஆறும் பதினைந்தும். எத்தனை தடவை கலைத்தாலும் ஜோடியாகத்தான் வருகிறார்கள். பிரிக்கவே முடியவில்லை.

வாணி: பிரிக்கவே முடியவில்லை என்றால்... நகத்தால் நெம்பிப் பார்த்தீர்களா?

சித்தி: பார்த்தேன். 'டர்' என்று ஒரு சத்தம். சாத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது என்று விட்டுவிட்டேன்.

வாணி: இரண்டிலும் அக்ரிலிக் பெயிண்டா?

சித்தி: காதலருக்கு ரோஸ், சாத்தானுக்குக் கறுப்பு. பின்பக்கத்தில் நிறம் படக்கூடாது பார், அதனால் முகத்தோடு முகம் வைத்துக் கட்டுக்கு அடியில் அழுத்தி வைத்தேன். தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன், விரலில் ஒட்டவில்லை.

வாணி: விரலில் ஒட்டாது. மேலே 76 அட்டையைப் பாரம் ஏற்றினால் ஒட்டும். அக்ரிலிக் காய்ந்தால் அது ஒரு பிளாஸ்டிக் தோல், சித்தி. இரண்டு தோலை முகத்தோடு முகம் வைத்து அழுத்தினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வைத்திருந்தால் காதலர் பிழைத்திருப்பார்கள்.

சித்தி: அப்படியா சொல்கிறாய்? மாடிவீட்டுப் பெண்ணுக்குப் பார்த்தபோதும் இந்த இரண்டும் சேர்ந்துதான் வந்தன. 'அந்தப் பையனிடம் ஏதோ சிக்கல் இருக்கிறது, நன்றாக யோசி' என்று சொல்லி அனுப்பினேன்.

(வாணி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.)

வாணி: சொல்லிவிட்டீர்களா?

சித்தி: நான் எங்கே சொன்னேன்? கார்டு சொன்னது.

வாணி: அக்ரிலிக் சொன்னது. அந்தப் பையன் மூன்று நாளாக மாடிப்படியில் உட்கார்ந்து போனில் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். எதற்கென்று இப்போதுதான் புரிகிறது. நீங்கள் பெயிண்ட் காயவிடாததற்கு அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

சித்தி: உனக்கு எல்லாமே காகிதம்தான்.

வாணி: காகிதம்தானே, சித்தி.

சித்தி: போடி. அந்தக் காலத்தில் இதைச் செய்ததே தங்கத்தில்தான். நானும் படித்திருக்கிறேன். 15ஆம் நூற்றாண்டு, மிலான் பிரபுக்கள், விஸ்கோண்டி-ஸ்ஃபோர்ஸா கட்டு. படக் கார்டுகளில் பின்னணி முழுக்கத் தங்க ரேக்கு. அவர்கள் ஒட்டினால் கலை, நான் ஒட்டினால் குப்பையா?

வாணி: ஒட்டுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? ரேக்கு ஊதினால் பறக்கிற அளவுக்கு மெல்லிசு. கார்டைக் குண்டாக்காது. அப்புறம், அவர்கள் காலத்தில் இது சீட்டாட்டம். துருப்பு இறக்கி ஆடுகிற ஆட்டம். குறி சொல்கிற பழக்கம் பெரிதாகப் பரவினது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரான்சில்.

சித்தி: அந்தக் கட்டில் இப்போது 74 கார்டுதான் மிச்சம், தெரியுமா? தொலைந்த நாலு எவை என்று கேள். சாத்தான். கோபுரம். மூன்று வாள். நாணயக் குதிரைவீரன். பார்த்தாயா, கெட்டதெல்லாம் தானாகவே கிளம்பிப் போயிருக்கிறது!

வாணி: நாணயக் குதிரைவீரன் என்ன பாவம் செய்தான்?

சித்தி: அவன்... வழித்துணைக்குப் போயிருப்பான்.

(இதற்கு வாணியிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அவள் பேசாமல் கட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்து, மேலே இருந்த கார்டைப் புரட்டாமலே தொட்டாள்.)

வாணி: இது துறவி. ஒன்பது.

சித்தி: (புரட்டிப் பார்த்து) ஐயோ!

வாணி: அடுத்தது கோபுரம். பதினாறு.

சித்தி: வாணி! உனக்கும் வந்துவிட்டதடி!

வாணி: எதுவும் வரவில்லை. விளிம்புக்குத் தங்க மை பூசினீர்களே, ஒவ்வொரு கார்டாக எடுத்துப் பிரஷ்ஷால் பூசினீர்களா?

சித்தி: பின்னே? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பிரார்த்தனை செய்துகொண்டே பூசினேன்.

வாணி: மை பின்பக்கம் கசிந்திருக்கிறது. துறவிக்கு மூலையில் பூனைவால் மாதிரி ஒரு கோடு. கோபுரத்துக்கு மூன்று பொட்டு. காலையில் நீங்கள் காட்டும்போது பார்த்து வைத்தேன். சீட்டாடுகிற இடத்தில் இந்தக் கட்டை எடுத்து வைத்தால் அடி விழும். விளிம்புக்குப் பூசுவது என்றால் 78ஐயும் ஒன்றாகத் தட்டி நேராக்கி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, காற்றுகூடப் போகாதபடி இறுக்க வேண்டும். அப்புறம் ஸ்பாஞ்சில் மையை எடுத்து, பாதியைக் கழிவுத்தாளில் ஒற்றிவிட்டு, மிச்சத்தை விளிம்பில் தட்டித் தட்டி வைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. புத்தகத்துக்கும் இப்படித்தான் செய்கிறோம்.

சித்தி: பிரார்த்தனையை எந்த இடத்தில் வைப்பது?

வாணி: இறுக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். திருகு நன்றாக இறங்கும்.

சித்தி: எல்லாவற்றுக்கும் ஒரு குத்தல். இந்த வாஷி டேப் பார்டரையாவது நன்றாக இருக்கிறது என்று சொல். நாலு பக்கமும் ஒட்டினேன், 78 கார்டுக்கும். பூப்போட்ட டேப். இரண்டு வாரம் ஆயிற்று.

வாணி: சித்தி, டேப்பைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கட்டுமா? இந்த மூலையை மட்டும்.

சித்தி: கிழித்துவிடாதே.

வாணி: தெரிகிறதா? கொடி சுற்றினது மாதிரி ஒரு கிறுக்கல். பமீலா கோல்மன் ஸ்மித் என்று ஒரு பெண், அவர் கையெழுத்து. இந்தப் படங்களை வரைந்தவர். 1909இல் வெளிவந்தது. கட்டுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? ரைடர்-வெயிட். ரைடர் வெளியிட்ட கம்பெனி, வெயிட் வரையச் சொன்ன ஆள். வரைந்தவர் பெயரைக் காணோம். பெரிய வேலை, கூலியோ ரொம்பக் கொஞ்சம் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் பெயரை அந்தக் கட்டில் சொல்லிக்கொண்டிருந்தது இந்த ஒரு மூலைதான். அதில்தான் நீங்கள் பூப்போட்ட டேப் ஒட்டியிருக்கிறீர்கள். 78 தடவை.

சித்தி: அந்த அம்மாள் வந்து கேட்டாரா?

வாணி: 1951லேயே இறந்துவிட்டார்.

சித்தி: அப்படியானால் கார்டு வழியாக என்னைக் கூப்பிடட்டும். பேசிக்கொள்கிறேன்.

வாணி: கூப்பிடுகிற வாயைத்தான் டேப் போட்டு மூடிவிட்டீர்களே.

(சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் நகத்தால் ஒரே ஒரு கார்டின் டேப்பை மூலையில் மட்டும் முக்கோணமாக உரித்துவிட்டார். மிச்சம் 77 அப்படியே இருக்கிறது. இதை நான் முன்னேற்றம் என்று எழுதவில்லை, நடந்தது என்று எழுதுகிறேன்.)

சித்தி: பெட்டி மூடமாட்டேன் என்கிறது. அதற்கும் ஏதாவது வைத்திருப்பாயே?

வாணி: கட்டு மொத்தமே ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர். ஒவ்வொரு கார்டிலும் அரை மில்லிமீட்டர் ஏறினால்கூட 39 மில்லிமீட்டர். இப்போது உங்களிடம் இருப்பது இரண்டு கட்டுக்கும் மேல். ஒரு பெட்டியில் எப்படிப் போகும்?

சித்தி: நான்கூட, கார்டுகளுக்கு அடைபட்டுக் கிடக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வாணி: பருத்திருக்கிறது, சித்தி.

சித்தி: இந்த வார்த்தையை விடமாட்டாய்.

வாணி: விடுகிறேன். ஒரே ஒரு சோதனை. ஹேர் டிரையரை லேசாகக் காட்டினால் பசை இளகும், கல் வந்துவிடும். சூரியனிலிருந்து எடுத்து வேறு ஒரு கார்டில் ஒட்டுகிறேன். வெட்டிப் பாருங்கள். சூரியன் வந்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன். எந்தக் கார்டு வேண்டும்?

சித்தி: இவனை எடுத்துக்கொள். நான்கு நாணயம். இந்தக் கட்டிலேயே எனக்குப் பிடிக்காதவன் இவன்தான். ஒரு நாணயத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, காலுக்கு அடியில் இரண்டு, தலைமேல் ஒன்று. கருமி. இவன் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

வாணி: கூப்பிடுவான். ஒன்று, இரண்டு, மூன்று... இதெல்லாம் என் டப்பாவிலிருந்து எடுத்த கல்தானே? வாழ்த்து அட்டைக்கு வைத்திருந்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

சித்தி: கேட்டால் எண்ணிக் கொடுப்பாய்.

வாணி: ...பத்தொன்பது, இருபது. ஒன்று குறைகிறது.

சித்தி: குதிரைக் கழுத்தில் இருந்தது கீழே விழுந்திருக்கும். எண்ணாதே.

வாணி: சரி, ஒட்டியாயிற்று. கலைத்தாயிற்று. வெட்டுங்கள்.

(சித்தி கண்ணை மூடி, எதையோ முணுமுணுத்து, வெட்டினார். நான்கு நாணயம். மறுபடி கலைத்து வெட்டினார். நான்கு நாணயம். மூன்றாவது தடவை இடது கையால் வெட்டினார். நான்கு நாணயம். சூரியன் எங்கேயோ உள்ளே, மெலிந்துபோய், யாருக்கும் தெரியாமல் கிடந்தான். வாணி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒன்பது வருட பைண்டிங் அவள் முகத்தில் தெரிந்தது.)

வாணி: இப்போது என்ன சொல்கிறீர்கள்?

சித்தி: (குரலைத் தாழ்த்தி) எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது, வாணி.

வாணி: ஏன்?

சித்தி: கருமி. மூன்று தடவையும் கருமி. இப்போதுதானே, இந்த மேசையில், என் கண்ணெதிரே ஒருத்தி இருபது கல்லை ஒன்றொன்றாக எண்ணி, ஒன்று குறைகிறது என்று கணக்குக் கேட்டாள்?

வாணி: சித்தி...

சித்தி: உன்னைத்தான் கூப்பிடுகிறதடி!