கத்தரிக்காய் வேடமும் ஓர் ஆழாக்கு அரிசியும்

இரவு எட்டரை மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும். "நாளை மறுநாள் வெஜிடபிள் டே. எல்லாக் குழந்தைகளும் ஏதாவது ஒரு காய்கறி வேடத்தில் வர வேண்டும்." கீழே வரிசையாக அம்மாக்கள் 'ஓகே மேம்' போடுவார்கள். அதில் பாதிப் பேர் அந்த நேரத்தில் மனதுக்குள் சொல்வதை இங்கே எழுத முடியாது.

என் தங்கை மகன் நகரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. அவன் கத்தரிக்காய். வேடத்துணி வாடகைக்குத் தரும் கடையில் ஊதா அங்கி, தலைக்குப் பச்சைக் காம்பு. மேடையில் ஏறி ஆங்கிலத்தில் இரண்டு வரி ஒப்பித்தான், கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள், இறங்கினான். அந்த வாரம் அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். காய்கறி பற்றி ஒரு வரி இல்லை. கத்தரிக்காய் செடியில் காய்க்குமா, கொடியில் காய்க்குமா, மண்ணுக்கு அடியில் விளையுமா என்று கேட்டேன். "கடையில" என்றான். பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கு அப்படித்தான் காட்டியிருக்கிறார்கள்.

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் எல்லோ டே, ஃப்ரூட் டே, கிராண்ட்பேரன்ட்ஸ் டே, தெர்மாகோலில் கிராமத்து வீடு செய்து கொண்டுவா என்பதெல்லாம் என்ன கணக்கில் வரும்? அது பிள்ளைக்கு வீட்டுப்பாடம் இல்லைதான். அம்மாவுக்கு வீட்டுப்பாடம். வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்பும் அம்மாவாக இருந்தால் தண்டனை.

இதை எழுதுவதால் கொண்டாட்டம் பிடிக்காத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். நான் டெல்டாவின் கடைமடையில், அதாவது காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதியில், ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஒன்றும் இரண்டும் ஒரே அறையில் என்னிடம்தான். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் இன்னும் அதிகமாகவே கொண்டாட வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஒரே ஒரு நிபந்தனை. கொண்டாட்டத்துக்கான வேலையைப் பிள்ளை செய்ய வேண்டும், அந்த வாரத்துப் பாடம் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். பாடத்தை நிறுத்திவிட்டு ஒரு நாள் விழா, விழா முடிந்ததும் பழையபடி பாடம் என்றால் இரண்டுமே கெட்டுப்போகும்.

இந்த வயதுக்கு மாதம், பருவம் எல்லாம் தூரம். வாரம்தான் கைக்கு எட்டும். அதுவும் கிழமைகளின் பெயரை ராகம் போட்டுச் சொல்லத் தெரியுமே தவிர, இன்றைக்கு என்ன கிழமை என்றால் விழிப்பார்கள். 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது யாரும் நினைத்திராத ஓர் உதவி எங்களுக்குக் கிடைத்தது. செவ்வாய் என்றால் கிச்சடி. நேற்று கிச்சடி சாப்பிட்டோம், அப்படியென்றால் இன்றைக்கு? "புதன்!" நாள்காட்டியைக் காட்டிக் காட்டிச் சொல்லியும் ஏறாதது கிச்சடியில் ஏறியது. பட்டியல் மாறினால் எங்களுக்கும் பாடம் மாறும், அவ்வளவுதான்.

சரி, பொங்கலுக்கு வருகிறேன். பொங்கலன்று பள்ளி விடுமுறை. அதனால் எல்லாப் பள்ளிகளிலும் அதற்கு முந்தைய ஒரு நாளில் பொங்கல் வைப்பார்கள். வழக்கமாக என்ன நடக்கும்? டீச்சர்கள் பட்டுப்புடவை கட்டி வருவோம், சத்துணவு அக்கா அடுப்பு மூட்டுவார், ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் கோலம் போடுவார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்? வரிசையில் உட்கார்ந்து, சொல்லும்போது 'பொங்கலோ பொங்கல்' கத்தி, தொன்னையில் வாங்கித் தின்றுவிட்டுப் போவார்கள். பார்வையாளர்கள்.

நான் அதை ஒரு வாரமாக இழுக்கிறேன். திங்கட்கிழமை படியும் ஆழாக்கும் மேசைக்கு வரும். எங்கள் ஊர்ப் பாட்டிகளிடம் இன்னும் இருக்கின்றன, கேட்டால் தருவார்கள். ஒரு படி நிறைய எத்தனை ஆழாக்கு அரிசி போகும் என்று முதலில் ஊகிக்கச் சொல்வேன். மூன்று என்பான் ஒருவன், நூறு என்பாள் ஒருத்தி. அப்புறம் அவர்களே அளந்து கொட்டுவார்கள். எட்டு. நடுவில் உழக்கும் உரியும் கிடைத்துவிட்டால் இன்னும் அருமை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. இரட்டிப்பைப் பலகையில் எழுதிப் புரியவைப்பதற்கும், அரிசி கையில் சரசரவென்று விழ விழப் புரிவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் பலகைக்குத் திரும்ப மாட்டார்கள். கீழே சிந்துவதைப் பொறுக்குவதும் எண்ணிக்கைதான். (எறும்பு வருகிறது என்று தலைமையாசிரியர் திட்டுவார். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.)

செவ்வாய்க்கிழமை கோலம். ஏழு புள்ளி, இடைப்புள்ளி நான்கு வரை. நடு வரிசையில் ஏழு, இரண்டு பக்கமும் ஆறு, ஐந்து, நான்கு. மொத்தம் எத்தனை புள்ளி? ஒன்றாம் வகுப்பு ஒவ்வொன்றாக எண்ணும். இரண்டாம் வகுப்பு மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி வரிசைகள் இருப்பதைக் கண்டுபிடித்து, ஒரு பக்கத்தைக் கூட்டி இரண்டாக்கி நடுவில் உள்ள ஏழைச் சேர்க்கும். முப்பத்தேழு. இதை வீட்டுவாசலில் அம்மா தினமும் போடுகிறார் என்று சொன்னதும் ஒரு பையன், "அப்போ அம்மாவுக்குக் கணக்குத் தெரியுமா டீச்சர்?" என்றான். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிற அம்மா அவர்.

ரேஷன் கடைப் பொங்கல் தொகுப்பும் அந்த வாரம் பாடத்துக்குள் வந்துவிடும். அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு. வரிசையில் யார் நின்றார்கள், கரும்பை யார் தூக்கிவந்தார்கள் என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல நான் பலகையில் எழுதுவேன். அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்கள் என்பதால் வாசிக்கவும் முடிகிறது. வியாழக்கிழமை பானைக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு வெல்லம் என்று அவர்கள்தான் அளந்து தருவார்கள். வெள்ளிக்கிழமை பொங்கல். அன்று சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். "வெல்லம் ஆறு உழக்கு, நாங்கதான் அளந்தோம்" என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் போய் அலட்டிக்கொள்வார்கள். அரிசி கொண்டுவர முடியாத பிள்ளையும் அளந்ததால் அது அவனுடைய பொங்கலும்தான். வேடம் கட்டும் விழாவில் காசில்லாத வீட்டுப் பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிடுவான். நான் கண்ணால் பார்த்தது.

"இப்படி விழா விழா என்று இருந்தால் வாசிப்பு எப்போது வரும்?" என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்து பிள்ளைகள் பின்தங்கியதால்தான் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்தது. வகுப்பை விட்டுவிட்டு, பிள்ளை இருக்கும் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். எனக்கு அதில் குறைகளும் தெரியும். பதிவேற்ற வேண்டிய மதிப்பீடுகளும், நெட்வொர்க் சுற்றிக்கொண்டே நிற்கும் செயலியும் என் நேரத்தைத் தின்கின்றன. ஆனால் அந்தப் பிரிப்பு சரியானது. பண்டிகை வாரம் அதற்கு அப்படியே பொருந்துகிறது. அரும்பு கரும்பு வரைந்து அதன் கீழே 'க' எழுதும். மொட்டு பானை, அரிசி, மஞ்சள் எழுதும். மலர் "நான் வெல்லம் உடைத்தேன்" என்று வாக்கியம் எழுதும். மூன்று பேருக்கும் ஒரே பானை. தனித்தனி அட்டை, தனித்தனி பயிற்சித்தாள் என்று ஓடுவதைவிட எனக்கு இது சுலபம்.

இன்னொரு எரிச்சல், சுவரில் தொங்கும் பருவகால சார்ட். கடையில் வாங்கினால் நான்கு கட்டம் இருக்கும். குளிர்காலத்துக்குப் பனிமனிதன், தலையில் தொப்பி, மூக்குக்கு கேரட். இலையுதிர்காலத்தில் மரமெல்லாம் ஆரஞ்சு. தஞ்சாவூர்ப் பிள்ளை எங்கே போய்ப் பார்ப்பான்? நம்மிடம் இரண்டிரண்டு மாதமாக ஆறு பெரும்பொழுது உண்டு. ஆவணி, புரட்டாசி கார்காலம் என்று தொடங்கி முதுவேனில் வரை. இதை உயர்நிலை வகுப்பில் அகப்பொருள் இலக்கணத்தில் மனப்பாடத்துக்கு வைத்திருக்கிறோம், ஆறு வயதுப் பிள்ளைக்குப் பனிமனிதனைக் காட்டுகிறோம். நான் அந்தச் சார்ட்டைச் சுருட்டி பீரோ மேல் வைத்துவிட்டேன்.

கடைமடைக்கு ஒரு பருவகால அட்டவணை இருக்கிறது. ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் நாள். எல்லா ஆண்டும் அந்தத் தேதியில் திறப்பதில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் அந்தத் தேதியில் பேச்சு இருக்கும். பள்ளியும் ஜூனில்தான் தொடங்குகிறது. கல்லணைக்கு வந்து, பிரிந்து, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எந்த நாள் வரும் என்று நாள்காட்டியில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கட்டத்தில் பெயர் எழுதும். தன் பெயரை எழுதப் பழகுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. தண்ணீர் வந்த அன்று வாய்க்கால் கரைக்குப் போய் ஆளுக்கு ஒரு காகிதக் கப்பல் விடுவோம். அதுவே எங்கள் பள்ளி திறப்பு விழா. அப்புறம் ஆடியில் முளைப்பாரிக்கு வீட்டில் தானியம் ஊறப்போடும்போது வகுப்பிலும் ஒரு கிண்ணத்தில் பயறு ஊறும். எந்த நாளில் முளை விட்டது, எத்தனை விரல் வளர்ந்தது என்று பார்ப்பதற்கு ஆடிப்பெருக்கு வரை நேரம் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பாதி நாள் லீவு. பிள்ளைகள் காலையில் எழுந்ததும் கலெக்டர் என்ன சொன்னார் என்றுதான் கேட்பார்கள். நேர்ச்சுவர் உள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, மழை விட்டதும் அளவுகோலை உள்ளே நிறுத்திப் படிப்போம். டிவியில் சொல்லும் சென்டிமீட்டர் என்பது இந்த அளவுகோலில் இருக்கும் அதே சென்டிமீட்டர்தான் என்று தெரிந்த அன்று வகுப்பில் ஒரே கூச்சல். மழையை ஸ்கேல் வைத்து அளப்பார்கள் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. மழைத் திருவிழா என்று ஒன்று பள்ளி நாள்காட்டியில் கிடையாது. எங்கள் வகுப்பில் உண்டு.

மதப் பண்டிகைகளைப் பள்ளியில் கொண்டாடலாமா என்று கேட்பவர்களுக்கு: எங்கள் பக்கம் இதைத் தவிர்க்கவே முடியாது. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 வேளாங்கண்ணி மாதா பெருவிழா. அதற்கு முன்னும் பின்னும் காவி உடுத்தி நடந்துபோகிறவர்கள் சாலை முழுக்க இருப்பார்கள். பள்ளி வாசலில் நின்று பத்துப் பத்தாக எண்ணுவோம். பத்துப் பேர் போனால் சிலேட்டில் ஒரு கோடு. எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள், அவர்களும் நின்று பதில் சொல்வார்கள். நாகூர் கந்தூரி வந்தால், அது ஏன் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வருகிறது என்று நிலாவைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கலாம். கும்பிடுவது அவரவர் வீட்டில். எண்ணுவதும் கேட்பதும் எழுதுவதும் வகுப்பில். இந்தக் கோட்டை நான் தாண்டுவதில்லை, எந்தப் பெற்றோரும் இதுவரை சண்டைக்கு வரவில்லை.

தனியார் பள்ளி ஆசிரியைகளையும் நான் குறை சொல்லப் போவதில்லை. வெஜிடபிள் டே அவர்கள் கண்டுபிடித்தது இல்லை. அடுத்த வருட அட்மிஷனுக்கு நிர்வாகத்துக்குப் படம் வேண்டும். பெற்றோருக்கும் ஸ்டேட்டஸ் வைக்கப் படம் வேண்டும். எங்கள் பக்கமும் யோக்கியம் இல்லை. கல்வி வளர்ச்சி நாளா, குழந்தைகள் தினமா, பதினொரு மணிக்குள் படம் அனுப்புங்கள் என்று மேலேயிருந்து செய்தி வரும். காமராசர் படத்துக்கு மாலை போட்டு, பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்து, "இன்னொண்ணு எடு, பேனர் தெரியல" என்று மறுபடியும் நிற்கவைத்து அனுப்புவோம். ஆழாக்கு அளக்கிற பிள்ளையை எடுத்தால் முதுகும் சிந்திய அரிசியும்தான் படத்தில் விழும். அதை யாரும் கேட்பதில்லை.

பெற்றோர்கள் கொஞ்சம் பேசினால் தனியார் பள்ளியில் இது மாறும் என்று நினைக்கிறேன். கட்டணம் கட்டுகிறவர்கள் நீங்கள். அடுத்த முறை வேடம் பற்றிச் செய்தி வந்தால், 'ஓகே மேம்' போடுவதற்கு முன் ஒரு கேள்வி போடுங்கள்: இந்த வாரம் இதையொட்டி வகுப்பில் என்ன செய்யப்போகிறார்கள்? சண்டை தொனி வேண்டாம், சாதாரணமாகக் கேட்டாலே போதும். என் தங்கை கேட்டாள். பதில் வர ஒரு நாள் ஆனது. அடுத்து வந்த ஃப்ரூட் டேக்கு வேடம் வேண்டாம், ஆளுக்கு ஒரு பழம் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். வகுப்பில் வெட்டி, விதைகளை எண்ணினார்களாம். மாதுளம்பழம் கொண்டுபோன பெண்ணின் முறை வந்தபோது மணி அடித்துவிட்டதாம், மறுநாளும் எண்ணியிருக்கிறார்கள்.