ஆர்கானிக் லேபிள் இருக்கட்டும், உப்பு எங்கே போகிறது?

உலகப் பொருளாதாரம், நீடித்த வளர்ச்சி, மாற்று வழிகள் என்று படிக்கிற மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜிடிபி புள்ளிவிவரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு கருநீல பருத்தி டி-ஷர்ட்டை எடுத்துக்கொண்டு, இதற்குச் சாயம் ஏற்ற எவ்வளவு உப்பு போட்டார்கள், அந்த உப்பு இப்போது எங்கே கிடக்கிறது என்று கேளுங்கள். இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் அனுப்புகிற திருப்பூரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெட்டுக்கழிவையும் சேர்த்து ஒரு சட்டைக்கு 200 கிராம் துணி. சாஃப்ட் ஃப்ளோ என்ற சாயமேற்றும் மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 1.6 லிட்டர். அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு. ஆக, ஒரு சட்டைக்கு ஏறக்குறைய 100 கிராம். 10,000 பீஸ் ஆர்டர் என்றால் ஒரு டன் உப்பு.

இதில் துணியோடு போவது எதுவுமில்லை. தண்ணீரில் நனைந்த பருத்தி இழையின் மேல் எதிர்மின்னூட்டம் இருக்கும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்த விலக்கத்தைத் தணித்து, சாயத்தை நூலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடுகிறது. அதன் பிறகு சோடா ஆஷ் என்ற காரத்தைப் போட்டு, 60 டிகிரி சூட்டில் சாயத்தைப் பிடிக்க வைப்பார்கள். அத்தோடு உப்பின் வேலை முடிந்தது. போட்டது அத்தனையும், பிடிக்காத சாயத்தோடு சேர்ந்து வடிகாலுக்கு வரும். பிளீச்சிங், சோப்பிங், அலசல் எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 60 லிட்டர் தண்ணீர் என்றால், கழிவில் லிட்டருக்கு 8,000 மில்லிகிராம் உப்பு இருக்கும். ஆற்றில் விட அனுமதித்த அளவு 2,100.

பருத்தி ஆர்கானிக்காக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. செடிக்குச் செயற்கைப் பூச்சிமருந்து அடிக்கவில்லை என்பதை லேபிள் சொல்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் சாயத்தொட்டியில் விழுகிற உப்பு அதேதான். கடையில் லேபிளைப் பார்த்து மனநிறைவோடு வாங்குகிறவருக்கு இந்தப் பாதி தெரிவதே இல்லை.

அந்த உப்பு எங்கே போனது என்பதற்கு திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறே சாட்சி. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமாகிப் போனது. தண்ணீர் விடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், தயவுசெய்து திறக்காதீர்கள் என்று போராட வேண்டி வந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாயின, தென்னை காய்ந்தது. சட்டை மலிவாகக் கிடைத்தது என்றால், மிச்ச விலையை இந்தக் கிணற்றுக்காரர்கள் கட்டினார்கள் என்று பொருள். பாடப்புத்தகம் இதைப் புறச்செலவு என்று ஒரு பத்தியில் முடித்துவிடும்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது ஆற்றுப் பாசன விவசாயிகள், வழக்கை விடாமல் நடத்தினார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை 1996-ல் வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே வராத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பலர் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். அந்த வலி உண்மை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு வந்திராவிட்டால் பட்டறைகள் தாமாக மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

இன்று பொது சுத்திகரிப்பு நிலையங்களில் நடப்பது இதுதான். கழிவுநீரைச் சமன்படுத்தும் தொட்டியில் கலந்து, நுண்ணுயிர் கொண்டு கரிமக் கழிவைத் தின்ன வைத்து, வடிகட்டி, உப்பைப் பிரிக்கும் சவ்வான ஆர்.ஓ.வுக்கு அனுப்புகிறார்கள். பல கட்ட ஆர்.ஓ.வில் 85 முதல் 90 விழுக்காடு தண்ணீர் திரும்பக் கிடைக்கும். அது பட்டறைக்கே போகும். கஷ்டமெல்லாம் சவ்வைத் தாண்டாமல் மிச்சமிருக்கிற ரிஜெக்டில்தான். கடல்நீரைவிட உப்பான திரவம் அது. ஒரு டன் தண்ணீரை நேரடியாகக் கொதிக்கவைத்து ஆவியாக்க 600 யூனிட் மின்சாரத்துக்கு மேல் ஈடான வெப்பம் வேண்டும். அதனால்தான் ஒரு கலத்தின் ஆவியை அடுத்த கலத்துக்குச் சூடாகக் கொடுக்கும் எவாப்பரேட்டர்கள். அப்படியும் கரன்ட் பில்லும் விறகுச் செலவும் நிலையத்தின் கழுத்தை நெரிக்கும். ஆற்றைக் காப்பாற்றுகிறோம், கொஞ்சம் புகையைக் கூட்டுகிறோம். இதையும் மறைக்காமல் பேச வேண்டும்.

கெடுவது எங்கே? உயிரியல் கட்டத்தில் அவசரப்பட்டால் ஆர்.ஓ. சவ்வில் நுண்ணுயிர்ப் படலம் பிடிக்கும். கடினத்தன்மையையும் சிலிக்காவையும் முன்பே எடுக்காவிட்டால் படிவு கட்டி, சவ்வு ஆயுளுக்கு முன்பே போய்விடும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை கலப்பு உப்பு. எல்லாப் பட்டறைகளும் உப்பாக சோடியம் சல்பேட்டை மட்டுமே பயன்படுத்தினால், அடர்த்தியான திரவத்தைக் குளிரூட்டியதும் கிளாபர் உப்பாக, அதாவது சோடியம் சல்பேட் படிகமாக, படிந்துவிடும். மறுபடி சாயத்துக்கே போடலாம். ஒருவர் சல்பேட், இன்னொருவர் விலை குறைவென்று சாதா உப்பு என்று போட்டால், கடைசியில் கிடைப்பது யாரும் வாங்காத கலவை. மழையில் நனையாமல் கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்துக் காவல் காக்க வேண்டியதுதான்.

இவ்வளவுக்கும் யார் பணம் கட்டுகிறார்கள்? சட்டைகளை வாங்கும் வெளிநாட்டு பையரிடம் போகும் காஸ்டிங் ஷீட்டை, அதாவது விலைக்கணக்குத் தாளை, பாருங்கள். நூல், நிட்டிங், டையிங், சி.எம்.டி. (வெட்டித் தைத்து முடிக்கும் கூலி), ஆக்சசரீஸ், லாபம். டையிங் என்ற ஒற்றை வரிக்குள் சுத்திகரிப்புச் செலவு முழுவதும் புதைந்து கிடக்கிறது. பேரத்தில் முதலில் கை வைப்பதும் அந்த வரியில்தான். போட்டி நாடுகளில் உப்பை மீட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை; வங்கதேசத் துணிக்கு ஐரோப்பாவில் சுங்கவரியும் இல்லை. அந்த விலையைக் காட்டித் திருப்பூர்க்காரரிடம் குறைக்கச் சொல்கிறவரே, தன் ஆண்டறிக்கையில் நீர்ப் பாதுகாப்பு பற்றி நான்கு பக்கம் எழுதுகிறார். சுத்திகரிப்பைத் தனி வரியாகக் காட்டி, அதில் பேரம் கிடையாது என்று ஏற்றுமதியாளர்கள் ஒன்றாக நின்று சொல்ல வேண்டும். தனித்தனியாகச் சொன்னால் ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும்.

உப்பே இல்லாத முறையும் உண்டு. கோல்டு பேட் பேட்ச்: சாயத்தையும் காரத்தையும் துணியில் பிழிந்தேற்றி, ரோலாகச் சுற்றி, பிளாஸ்டிக்கால் மூடி, அறை வெப்பத்தில் 8 முதல் 24 மணி நேரம் சுழலவிட்டு அலசுவார்கள். நெய்த துணிக்கு அருமையான வழி. பின்னல் துணி இழுபடும், ஓரம் சுருளும். ஒரே ஆர்டரில் பன்னிரண்டு நிறம், நிறத்துக்கு 200 கிலோ என்றால் கட்டுப்படியாகாது. நிறங்களைக் குறைத்து, லாட்டைப் பெரிதாகக் கொடுத்தால் கட்டுப்படியாகும். அதற்கான முடிவு பையரின் டிசைன் மேசையில் இருக்கிறது, பட்டறையில் இல்லை.

புராஜெக்ட்டுக்காகப் பட்டறைக்குப் போகிற மாணவர்கள் சுவரில் மாட்டிய சான்றிதழைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டாம். ஒரு வருட உப்புக் கொள்முதல் பில்லைக் கேளுங்கள். அதே வருடம் மீட்டுத் திரும்ப வாங்கிய உப்பு எவ்வளவு, கொட்டகையில் இருக்கிற கலப்பு உப்பில் இவர்கள் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். புது உப்பும் மீட்ட உப்புமாக உள்ளே போனது ஒரு பக்கம். மீண்டது, கொட்டகையில் கிடப்பது, சுத்திகரித்த நீரில் எஞ்சிப் பட்டறைக்கே திரும்பியது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் விழுந்தால், மழைநீரோடு கழிவைத் திறந்துவிட்டார்களா என்று பார்க்க, மழை பெய்த மாதங்களின் பதிவேட்டை முதலில் புரட்டுங்கள்.